காரை நாலு விரற்கடை தூக்கியது

ஒரு ஆளால் காரின் ஒரு முனையைத் தூக்க முடியுமா என்று என்னைப் பலர் கேட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் உடன் வேலை பார்க்கும் டீச்சர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒருமுறை பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த முன்பின் தெரியாத அம்மா ஒருவர், நான் யார் என்று முன்சீட்டில் இருந்தவர் சொல்லக் கேட்டு, என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார். முடியும் என்றும் முடியாது என்றும் நான் சொல்வதில்லை. நடந்ததைச் சொல்வேன். அதையும் முழுக்கச் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன்.

நான் குள்ளம். பலசாலியும் இல்லை. கேஸ் சிலிண்டரை உருட்டித்தான் சமையலறைக்குக் கொண்டுபோவேன். நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் ரோட்டை ஒட்டிய ஒரு ஊரில், நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். என் கணவர் முட்டை லாரி ஓட்டியவர். இங்கே கோழிப்பண்ணைகளில் முட்டை ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போவார், இறக்கிவிட்டு வருவார், மறுபடி போவார். அவ்வளவு தூரம் மலை இறங்கி ஏறியும் ஒரு முட்டைகூட உடையாமல் கொண்டுபோய்ச் சேர்த்ததை, ஏதோ குழந்தையைத் தூங்க வைத்துக் கூட்டிப்போன மாதிரி சொல்வார். சர்க்கரை வியாதி வந்து கண்ணும் முழங்காலும் ஒத்துழைக்காமல் போன பிறகு லாரியை விட்டு இறங்கினார். சும்மா இருக்க முடியாதவர். பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கி, சுற்றுவட்டாரத்தில் ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு, கோயிலுக்கு என்று பகல் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்.

காலையில் டீ குடிப்பதற்கு முன்னால் அந்தக் காரைக் கழுவிவிடுவார். அதனோடு பேசுவார். "நேத்து ஏன்டா அந்தக் கத்துக் கத்துனே?" என்று அவர் வாசலில் கேட்பது எனக்கு உள்ளே கேட்கும். எங்கள் மகள் கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள். "அப்பா என்கிட்டப் பேசறதைவிடக் கார்கிட்டத்தான் அதிகம் பேசறாரு" என்று போனில் சிரிப்பாள்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே யாரோ ஒருவருடைய கார் சாக்கடைக்குள் ஒரு சக்கரத்தை விட்டுவிட்டது. இவரும் இன்னும் சிலரும் சேர்ந்து தூக்கிவிட்டார்கள். கைகழுவ வந்தவரிடம், "ஏனுங்க, ஒத்த ஆளே தூக்கிற முடியாதுங்களா?" என்று கேட்டேன். "ஒத்த ஆளா? காரென்ன கட்டிலா அம்மிணி?" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார்.

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டுக்காரர் கடைவீதியில் ரெடிமேட் துணிக்கடை வைத்திருந்தார். அவர் மனைவிக்கு என்னைவிட ஓரிரு வயது கூட இருக்கும். நான் அக்கா என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர்தான். கிண்ணங்கள் அந்தச் சுவர் வழியாகவே போகும், வரும். அக்காவுக்குக் கனத்த உடம்பு, மூச்சிரைப்பு. சுவர்ப் பக்கம் நடந்து வந்தாலே கையை ஊன்றிக்கொண்டு சற்று நின்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்.

அன்றைக்குச் சனிக்கிழமை. பள்ளி விடுமுறை. முந்தின நாள் நல்ல மழை, வாசல் மண் ஊறிக் கிடந்தது. பிரேக் பிடித்தால் ஏதோ உரசுகிறது என்று சொல்லி, என் கணவர் காரின் பின்பக்கம் ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தைக் கழற்றியிருந்தார். ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகைக்கல். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்க வைத்துவிடுவது லாரிக்காரர்களின் வழக்கம். ஜாக்கி நழுவினாலும் வண்டி சக்கரத்தின் மேல் உட்காரும். அவரும் எப்போதும் அப்படித்தான் செய்வார். அன்று அதைத் தென்னை மரத்தில் சாய்த்து வைத்திருந்தார். ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர், சைலன்சர் குழாய் தொங்குவதைக் கண்டு அதையும் பார்த்துவிடலாம் என்று மல்லாந்து உள்ளே நகர்ந்திருக்கிறார்.

நான் சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஸ்பேனர் தட்டும் சத்தமும் அவர் பேச்சும் கேட்டுக்கொண்டே இருந்தன. பிறகு பெரிய சத்தம் என்று சொல்ல முடியாத ஒரு சத்தம், சாக்கு மூட்டையை இறக்கி வைத்தது போல. அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

ஓடிப்போய்ப் பார்த்தபோது ஜாக்கி மண்ணில் படுத்துக் கிடந்தது. கார் அந்த மூலையில் தாழ்ந்து அவர் நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தது. கால்கள் வெளியே இருந்தன. குனிந்து பார்த்தேன். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார். வாயும் திறந்திருந்தது, ஆனால் அதிலிருந்து எதுவும் வரவில்லை. காற்றுகூட.

மட்கார்டைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. "அக்கா!" என்று கத்தினேன். அக்கா எப்படி அந்தச் சுவரைத் தாண்டினார் என்று நான் பார்க்கவில்லை. பிறகு பார்த்தபோது சுவரின் மேல் அவருடைய ஒற்றைச் செருப்பு இருந்தது. நான் காருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, முழங்காலை மடக்கி, சக்கரம் இருந்த இடத்துக்கு மேலே வளைந்த தகரத்தின் விளிம்புக்குக் கீழே இரண்டு கை விரல்களையும் கொடுத்தேன். மண்ணில் கால் வழுக்கியது. குதிகாலை அழுத்திக் குத்திக்கொண்டேன். பல்லைக் கடித்ததும், வாய்க்குள் ஏதோ உடைந்ததும் நினைவிருக்கிறது. அப்புறம் கார் எழும்பியது.

அதிகமில்லை. நாலு விரற்கடை இருக்கும். எனக்குப் பேச்சு வரவில்லை. அக்காதான், "விட்றாதீங்க டீச்சர், விட்றாதீங்க, யா அல்லா" என்று சொல்லிக்கொண்டே அவருடைய இரண்டு கால்களையும் பிடித்து இழுத்தார். தலை வெளியே வந்ததைப் பார்த்ததும் கையை விட்டேன். கார் விழுந்தது. அக்கா அவரை மடியில் சாய்த்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தார். அவர் மூச்சை உள்ளே இழுத்த சத்தம், கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் பல நாட்கள். விலா எலும்புகள் முறிந்து ஒன்று நுரையீரலைக் குத்தியிருந்தது. அது ஆறியது. முதுகெலும்பு ஆறவில்லை. இடுப்புக்குக் கீழே அவருக்கு எதுவும் தெரியவில்லை. எனக்கும் முதுகில் ஒரு தட்டு பிதுங்கியிருந்தது, ஒரு கடைவாய்ப் பல் பிளந்திருந்தது, நகங்கள் போயிருந்தன. என் முதுகைப் பார்த்த டாக்டர், "எதைம்மா தூக்குனீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னார். "முழுக் காரையும் நீங்க தூக்கலை. இன்ஜின் கனமெல்லாம் முன்னாடி இருக்கு. பின்னாடி ஒரு மூலை மட்டும்தான் உங்க கைக்கு வந்திருக்கும். அதுலயும் அமுங்கிக் கெடந்த ஸ்பிரிங் உங்களுக்குக் கொஞ்சம் ஒதவியிருக்கும். மத்ததுக்கு உங்க ஒடம்பைக் கொடுத்துட்டீங்க."

என் கணவரைப் பார்த்த டாக்டர் வேறொருவர். அவரிடம் நானும் என் கொழுந்தனாரும் போய் நின்றோம். கொழுந்தனார் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறவர். இரும்பும் ஜாக்கியும் அவருடைய தினப்பாடு. அண்ணன் மேல் உயிர். "கால் எதனாலங்க போச்சு?" என்று அவர்தான் கேட்டார். டாக்டர் நேர்மையான மனிதர். "வண்டி விழுந்தப்பவே ஆகியிருக்கலாம். இழுத்தப்ப ஆகியிருக்கலாம். பொதுவா இப்படி அடிபட்டவங்களை இழுக்கக் கூடாதும்பாங்க. ஆனா இழுக்காம விட்டிருந்தா ஆளே இருந்திருக்க மாட்டார். அதனால அதை யோசிச்சுப் பிரயோஜனமில்லை" என்றார்.

கொழுந்தனாருக்கு அதில் பாதிதான் காதில் ஏறியது. வராந்தாவுக்கு வந்ததும், வந்திருந்த ஒறம்பரைச் சொந்தங்களிடம் சத்தமாகச் சொன்னார். "இழுத்திருக்கக் கூடாதுங்கறாரு டாக்டரு. காலைப் புடிச்சு இழுத்தா முதுகு என்னத்துக்காகும்? சித்த பொறுத்திருந்தா பட்டறையிலிருந்து நாலு பேரைக் கூட்டிட்டு நான் வந்திருப்பன்ல?"

வராந்தாவின் கடைசி பெஞ்சில், ஃபிளாஸ்கில் கஞ்சி எடுத்து வந்து அக்கா உட்கார்ந்திருந்தார். நான் திரும்பிப் பார்த்தபோது பெஞ்சின் மேல் ஃபிளாஸ்க் மட்டும் இருந்தது.

நாங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் அக்கா வரவில்லை. சாப்பாடு வந்தது. அவர் வீட்டுக்காரர் மூடிய கிண்ணத்தைச் சுவர்மேல் வைத்துவிட்டு, "வச்சிருக்கேன் டீச்சர்" என்று குரல் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவார். நான் இரண்டு முறை போய் அக்காவைக் கூப்பிட்டேன். காய்ச்சல் என்றார் ஒரு தடவை. இன்னொரு தடவை கதவுக்குப் பின்னாலிருந்தே, "வரேன் டீச்சர், நீங்க போங்க" என்றார். அவருடைய கண்ணைப் பார்க்கவே முடியவில்லை.

கொழுந்தனாருக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. நான் காரைத் தூக்கியதை அவர் நம்பவில்லை. என்னைப் பொய்க்காரி என்று நினைக்கவில்லை. எனக்கு அப்படித் தோன்றியிருக்கிறது என்று நினைத்தார். "ஜாக்கி பாதி தாங்கிட்டு இருந்திருக்கும் அண்ணி. நீங்க புடிச்சதும் வண்டி அக்கட்ட சாஞ்சிருக்கும். ஒரு ஆளால அதைத் தூக்க முடியாதுங்க. நான் தெனமும் இரும்போட பொழைக்கறவன்" என்றார். எனக்கு அதில் சண்டை போட ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வந்து அண்ணனைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, முகம் மழித்துவிட்டுப் போகிறவரிடம் என்ன பேசுவது.

ஆனால் என் கணவர் அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சக்கர நாற்காலியில் அவரை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் விட்டிருந்தோம். கார் அதே இடத்தில் நின்றது. சக்கரத்தை யாரோ திரும்ப மாட்டியிருந்தார்கள். கொழுந்தனார் மறுபடி அந்தப் பேச்சை எடுத்தார். என் கணவர் என்னைப் பார்த்து, "அம்மிணி, இன்னொருக்கா தூக்கிக் காட்டு இவனுக்கு" என்றார்.

"வேண்டாங்க."

"சும்மா கொஞ்சம். அசைச்சாப் போதும்."

அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகச் சொன்ன மாதிரி இல்லை. இடுப்பில் பெல்ட்டோடு போய், அன்று நின்ற மாதிரியே திரும்பி நின்று, கையைக் கொடுத்தேன். ஸ்பிரிங் முனகியது. அவ்வளவுதான். மண்ணில் புதைத்து வைத்தது போல வண்டி இருந்தது. இன்னொரு தடவை முயன்றேன். முதுகிலிருந்து கால்வரை ஒரு வலி பாய்ந்தது. கொழுந்தனார் பதறி, "விடுங்க அண்ணி, விடுங்க" என்று ஓடி வந்தார்.

என் கணவர் அழுதார். அழுதுகொண்டே தம்பியிடம் சொன்னார். "நான் பாத்தன்டா. நீ பாக்கலை, நான் அடியில கெடந்து பாத்தேன். ஜாக்கி அந்தண்ட கெடந்துச்சு. வண்டி எந்திரிச்சுது. உள்ளுக்கு வெளிச்சம் வந்துச்சுடா. நெசமாலுமே வெளிச்சம் வந்துச்சு."

கொழுந்தனார் நாற்காலியை நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

அதற்கடுத்த வாரம் என் கணவர் கேட்டார். "பாய் ஊட்டு அம்மா ஏன் இந்தப் பக்கமே வாரதில்லை?"

மறைக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்ததைச் சொன்னேன். ரொம்ப நேரம் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போய் நான் கூப்பிடறன்னு சொல்லு. வரலைன்னா என்னைத் தள்ளிட்டுப் போ. நான் வாரேன் அங்க" என்றார்.

அதைச் சொன்னதும் அக்கா வந்துவிட்டார். உள்ளே வராமல் நிலைப்படியில் நின்றார். முக்காட்டை இழுத்து வாயோடு பிடித்திருந்தார்.

"வாம்மா, உக்காரு. கால் போனவன் ஊட்டுல நின்னுக்கிட்டு இருந்தா நானென்ன எந்திரிச்சு நாற்காலியா போட முடியும்?" என்றார் இவர்.

அக்கா உட்காரவில்லை. "அண்ணே, நான்..." என்று ஆரம்பித்து முடிக்காமல் நின்றுவிட்டார்.

"என்னம்மா நீ, அன்னிக்கு நடந்ததை மறந்தே போயிட்டியா? உன்னை இழுக்கச் சொன்னதே நாந்தானே. 'இழு தங்கச்சி, யோசிக்காம இழு'ன்னேன். நான் சொல்லித்தானே இழுத்தே? அப்புறம் எதுக்கு நீ வெசனப்படறே? லாரிக்காரன் நான். என்ன ஆகும்னு தெரிஞ்சுதான் சொன்னேன்."

அக்கா என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் இருந்தவர்கள் மூன்றே பேர். நெஞ்சின் மேல் கார் இருக்கும்போது ஒரு ஆளால் பேச முடியாது. அவர் வாயிலிருந்து காற்றுகூட வராததை நான் கண்ணால் பார்த்திருந்தேன். ஆனாலும், "ஆமாங்க்கா, எனக்கும் கேட்டுச்சு" என்றேன். என் கணவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். "சரிண்ணே" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "சரிண்ணே."

அன்று முதல் மறுபடியும் வர ஆரம்பித்தார். நான் பள்ளிக்கூடம் போகும் நேரங்களில் அவர்தான் பார்த்துக்கொண்டார். நோன்பு மாதத்தில் சாயங்காலம் கஞ்சி எடுத்து வந்து, இவருக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போய்த்தான் தன் நோன்பைத் திறந்தார். இருவரும் மணிக்கணக்காகக் கேரளாவின் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அக்கா கேரளாவைப் பார்த்ததே இல்லை. அவருக்காக இவர் எல்லா மழையையும் மறுபடி பெய்ய வைத்தார்.

என் கணவருக்கு உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. எவ்வளவு புரட்டிவிட்டாலும் முதுகில் புண் வந்தது. சிறுநீரில் கிருமி, காய்ச்சல், ஆஸ்பத்திரி, வீடு, மறுபடி காய்ச்சல். மாசி மாதம் ஒரு மதியம், மகள் கையால் இளநீர் இரண்டு வாய் குடித்துவிட்டு, "போதும் சாமி" என்று அவளிடம் சொன்னார். அதுதான் கடைசிப் பேச்சு. வெயில் சாய்வதற்குள் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து மகள் ஊருக்குப் போன பிறகு, காரைப் பட்டறையில் கொண்டுபோய் விடலாம் என்று கொழுந்தனார் வந்தார். நான் சமையலறையில் அவருக்கு டீ போட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே பார்த்தபோது அவர் காருக்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து, விளிம்புக்கு அடியில் கையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்தது போலத் தெரிந்தது. சக்கரம் மண்ணை விட்டுப் பிரியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார். பிறகு பம்பரில் தலையைச் சாய்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, "அண்ணா, அண்ணா" என்று அழுதார். சாவு வீட்டில்கூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. டீ ஆறிப்போயிற்று. மறுபடி சூடு பண்ணிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தூக்கிப் பார்த்ததைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்காவின் குடும்பம் அந்த வருடமே சேலத்துக்குக் குடிபோனது. மகன் அங்கே பெரிய கடையாகப் போட்டுவிட்டான், அப்பாவும் அம்மாவும் கூட இருக்க வேண்டும் என்றான். சாமான் ஏற்றிய வண்டி கிளம்பின பிறகு, அக்கா சுவர்ப் பக்கம் வந்து நின்றார். வழக்கம் போல மூச்சு நிதானத்துக்கு வரும்வரை காத்திருந்தார்.

"அண்ணன் அன்னிக்கு எதுவும் பேசலை டீச்சர்" என்றார்.

நான் சுவரை ஒட்டிப் போய் நின்றேன்.

"மூச்சே இல்லாம கெடந்தாரு. எனக்குத் தெரியாதா? அவரா ஒண்ணைச் சொன்னாரு, நீங்களும் சேர்ந்து சொன்னீங்க. எனக்காகச் சொல்றீங்களேன்னு வாங்கி வச்சுக்கிட்டேன். ராத்திரி படுத்தா மட்டும் கையில அந்தக் கால் கனம் வரும்."

சுவருக்கு மேலாக அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் இழுக்காமல் இருந்திருந்தால் அந்த மழைக்கதைகளெல்லாம் ஏது, மகளுக்கு அந்தக் கடைசிச் சொல் ஏது என்று சொல்ல நினைத்தேன். "உடம்பைப் பாத்துக்குங்கக்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் மகன் தெருவிலிருந்து கூப்பிட்டான்.

இப்போது பக்கத்து வீட்டில் ஒரு பாங்க்காரர் குடும்பம் இருக்கிறது. நல்ல மனிதர்கள். சுவரை ஆளுயரத்துக்குக் கட்டிக்கொள்ளலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டார்கள், சரி என்றேன். அக்கா வெள்ளிக்கிழமைகளில் போன் செய்வார். முதுகு எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதற்கு முன்னால் அவர் கேட்டுவிடுவார். மழைக்கு முந்தின நாள் வலிக்கும் என்பேன். எனக்கும் கை வலிக்கிறது டீச்சர் என்பார். பிறகு இரண்டு பேரும் என்ன சமையல் என்று பேச ஆரம்பிப்போம்.